தொரைக்கு ரோஸ்ட்

உன் காலைக் கொஞ்சம் நகர்த்து தம்பி. பையை மிதிக்கிறாய். உள்ளே இறைச்சி இருக்கிறது.

மடியில் வைத்துக்கொள்ளலாம்தான். கசியும். வேட்டி வெள்ளை.

ஆமாம், முழுத் தொடை. வெட்டாமல் கொடு என்று சொன்னால் குன்னூர் மார்க்கெட்டில் கடைக்காரன் வாராவாரம் ஒரே கேள்வி கேட்கிறான். நீயும் அதையே கேட்டாய். வீட்டில் விசேஷமா என்று.

விசேஷம் ஒன்றும் இல்லை. நாய்க்கு.

சிரிக்காதே. முகம் சுளித்தால் பரவாயில்லை, அதுதான் சரியான முகம். நானும் அப்படித்தான் சுளிக்கிறேன். எழுபத்து நான்கு வயது. ஞாயிறு தவறாமல் நாய்க்கு ரோஸ்ட் செய்கிறேன். எழுந்து வேறு சீட்டுக்குப் போவதானால் போ. வண்டி காலியாகத்தான் இருக்கிறது.

போகவில்லையா. சரி. கட்டபெட்டு வருகிற வரைக்கும் சொல்கிறேன். நடுவில் கேள்வி கேட்காதே. பேச்சு அறுந்தால் எனக்கு எரிச்சல் வரும்.

நான் சமையல்காரன். பெயர் சவரிமுத்து. மலைமேல் ஒரு கிளப்பில் முப்பத்தெட்டு வருஷம். அதில் கடைசிப் பதினெட்டு வருஷம் தலைமைச் சமையல். எஸ்டேட்காரர்கள், மேனேஜர்கள், ரிட்டயர்டு பட்டாளத்துக்காரர்கள், எல்லோரும் எங்களுக்குத் தொரைதான். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலம் ஆன பிறகும் நாங்கள் தொரை என்றுதான் சொன்னோம். அது அந்த இடத்துப் பழக்கம்.

ஞாயிறு மதியம் ரோஸ்ட். ஆட்டுத் தொடை. முதல் நாளே கத்தி முனையால் குத்திக் குத்தி, ஒவ்வொரு குத்திலும் ஒரு பூண்டுப் பல். மிளகு, கடுகுத் தூள், வினிகர், உப்பு. மறுநாள் கொழுப்பில் நாலு பக்கமும் சிவக்க விட்டு, அடியில் உருளைக்கிழங்கு பரப்பி, அவன் அடுப்புக்குள் வைத்தால் இரண்டு மணி நேரம். வெளியே எடுத்ததும் தொடக்கூடாது. கால் மணி நேரம் சும்மா விட வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால் சாறு பூராவும் பலகையில் ஓடிவிடும். அந்தக் கால் மணி நேரம் நான் பக்கத்தில் நிற்பேன். ஒருத்தனையும் கிட்டே விட மாட்டேன். முப்பத்தெட்டு வருஷத்தில் என் ரோஸ்ட் ஒரு தட்டில்கூட மிச்சமாகித் திரும்பி வந்ததில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள். பின்னால் வரும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கிளப் சாப்பாடு கிளப்போடு. ஒரு துண்டு நான் வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. மிஞ்சின எலும்பெல்லாம் செக்ரட்டரியின் நாய்களுக்கு. ஒரு தடவை பெஞ்சமின் என்று, மேசையில் பரிமாறுகிற பேரர் ஒருத்தன், இரண்டு துண்டை இலையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்தான். நானே பிடித்துக் கொடுத்தேன். அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். வீட்டில் வந்து சொன்னேன். "பாவம், பொண்டாட்டிக்கு எடுத்திருப்பான்" என்றாள் என் மனைவி. இவளுக்கு என்ன தெரியும். ஒழுங்கு என்றால் ஒழுங்கு.

மனைவி பெயர் மதலேன். போன தை மாதம் போய்விட்டாள். அதைப் பற்றி அப்புறம்.

வீட்டில் நான் கரண்டி தொட மாட்டேன். நாளெல்லாம் அடுப்பில் நின்றவன் வீட்டுக்கு வந்தும் நிற்பானா. அவள்தான் சமைப்பாள். சுமார். புளி கூடும். மீன் குழம்பில் வெந்தயம் கூடும். சொல்வேன். நான் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள். அவள் நின்றுகொண்டே கேட்பாள். மறுநாள் புளி குறையும், காரம் கூடும். அதையும் சொல்வேன்.

ஓய்வு பெற்றுப் பதினான்கு வருஷம். மணி ஒன்று அடித்தால் மேசையில் இருப்பேன். ஒன்று ஐந்து என்றால் கோபம் வரும். இருபது நிமிஷத்தில் சாப்பாடு முடியும். பிறகு படுப்பேன். மூன்றேகாலுக்கு எழுவேன். எழுந்தால் காப்பி. பதினான்கு வருஷம் ஒரு நாள் மாறியதில்லை.

அவள் எப்போது சாப்பிட்டாள் என்றா கேட்கிறாய். கேள்வி கேட்காதே என்றேன்.

தெரியாது. பெண்கள் சாப்பிடுவார்கள். அதை யார் பார்த்துக்கொண்டிருப்பது.

ஒரே ஒரு தடவை ரோஸ்ட் கேட்டாள். எங்கள் பெண் ஜெசிந்தாவுக்குப் புதுநன்மை, சர்ச்சில் முதல் நற்கருணை வாங்குகிற நாள். முப்பது வருஷம் இருக்கும். "கோயில்ல இருந்து வந்ததும் சாப்பிட, ஊருக்கெல்லாம் செய்யறீங்களே, அந்த ரோஸ்ட் ஒண்ணு செய்யக்கூடாதா. எப்படித்தான் இருக்கும்னு பாக்கறோம்" என்றாள். நான் சொன்னேன், "வீட்ல அவன் எங்க இருக்கு. இது விறகடுப்புல செய்யற சமாச்சாரமில்ல. கோழி வாங்கித் தர்றேன், குழம்பு வை." வைத்தாள். அப்புறம் கேட்டதில்லை. அவளிடம் அது ஒரு நல்ல குணம். ஒரு தடவை சொன்னால் போதும்.

இப்போது நாய்க்கு வருகிறேன்.

ஆறு வருஷம் முன்னால், மழையில், பின்கதவுப் பக்கம் ஒரு குட்டி. எலும்பும் சொறியும். நான் துரத்தினேன். அது போய்த் திரும்பி வந்தது. மதலேன் சாக்கு ஒன்றை மடித்துப் போட்டாள். "வீட்டுக்குள்ள வந்தா நான் இருக்க மாட்டேன்" என்றேன். உள்ளே வரவில்லை. அதாவது நான் விழித்திருக்கிற நேரத்தில் வரவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

எனக்கு நாய் பிடிக்காது தம்பி. நனைந்த நாயின் வாடை தெரியுமா உனக்கு. பழைய கம்பளியில் மோர் கொட்டின மாதிரி. இது எச்சில் ஒழுக்குகிற சாதி வேறு. கண்ணில் பீளை. உட்கார்ந்த இடத்தில் முடி. காதைப் பின்னங்காலால் சொறிந்து, அந்தக் காலை நக்கும். த்தூ.

அதற்கு ஒரு பெயர் வைத்தாள். தொரை.

பார்த்துக்கொள். முப்பத்தெட்டு வருஷம் தொரைமார்களுக்குச் சமைத்தவன் வீட்டில் நாய்க்குத் தொரை என்று பெயர். ஏன்டி இந்தப் பெயர் என்று கேட்டதற்கு, "ஒரு வேலையும் செய்யறதில்ல, நேரத்துக்குச் சோறு மட்டும் வந்துடணும். வேற என்ன பேரு வைக்கிறது" என்றாள். கிளப்பில் எந்தத் தொரையைப் பார்த்து வைத்தாளோ. பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரி வேலியில் நின்று, "என்னக்கா, தொரை சாப்பிட்டாச்சா" என்று கேட்பாள். இவள், "இப்பத்தான் சாப்பிட்டுப் படுத்திருக்கார்" என்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். நாய் சாப்பிட்டதற்கு என்ன சிரிப்பு. நாய்க்கு என்ன 'ர்' மரியாதை. பெண்கள் சமாச்சாரம், எனக்குப் புரியவில்லை.

தை மாதம் பனி கடுமை. காலையில் தண்ணீர் பிடிக்கப் போனவள் குழாயடியில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். நெஞ்சு. ஆஸ்பத்திரி வரைக்கும்கூடப் போகவில்லை.

அடக்கம் முடிந்தது. ஜெசிந்தா ஓசூரிலிருந்து வந்து எட்டு நாள் இருந்தாள். நாய் சாப்பிடவில்லை. சாக்கில் படுத்துக்கொண்டு பின்கதவையே பார்த்தது. தண்ணீர் மட்டும் நக்கும். இவள் பால் வைத்தாள், முட்டை வைத்தாள், பிஸ்கெட் வைத்தாள். கெஞ்சினாள். மகள் நாயிடம் கெஞ்சுகிறதை நான் பார்க்க வேண்டியிருந்தது. மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும்.

அவளுக்கு லீவு முடிந்தது. கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள். "அப்பா, முப்பதாம் நாள் பூசைக்கு வருவேன். அப்ப இவன் உசுரோட இருக்கணும்."

"நாய்க்கு நான் என்னம்மா செய்யறது. அது சாப்பிடல."

"அம்மாவுக்குத்தான் ஒண்ணும் செய்யல. இதுக்காவது செய்யுங்க. இதுவும் போயிடுச்சுன்னா எனக்கு இந்த வீட்ல யாரும் இல்ல."

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன் தம்பி. ஆறடி ஆள். யாரும் இல்லையாம்.

சொன்னால் செய்கிறவள் அவள். அம்மா மாதிரி இல்லை. வர மாட்டேன் என்றால் வர மாட்டாள். தினமும் போன் வரும். முதல் கேள்வி, "தொரை சாப்பிட்டானா." இரண்டாவது கேள்வி கிடையாது. நான் கடைத்தெருவில் சுண்ணாம்பு மாதிரி ஒரு சாம்பாரை ஊற்றித் தின்றுகொண்டிருந்தேன். அதை யாரும் கேட்கவில்லை.

மாட்டு டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஆட்டோக்காரன் நாயை ஏற்ற மாட்டேன் என்றான். அவனிடம் நான் கெஞ்ச வேண்டியிருந்தது. மடியில் வைத்துக்கொண்டு போனேன். இந்த மடியில். அந்த வேட்டியை எறிந்துவிட்டேன். டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். நோய் எதுவும் இல்லை, ஏக்கம் என்றார்.

"பிடிச்சதா எதாவது நல்லா சமைச்சுக் குடுங்க பெரியவரே. கறி குடுங்க. ஆனா உப்பு கூடாது. வெங்காயம், பூண்டு கூடவே கூடாது, அதுக்கு விஷம். வெந்த எலும்பும் போடாதீங்க."

"மிளகு?"

"வேண்டாம்."

"கொஞ்சம்?"

"பெரியவரே, நாய்க்கு."

அப்போதுதான் தோன்றியது. முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு தட்டு திரும்பி வந்ததில்லை என்றேன் இல்லையா. இந்தச் சொறிநாய் எப்படித் திருப்புகிறது பார்ப்போம் என்று தோன்றியது. வீம்பு என்று வைத்துக்கொள். வேறு எதுவும் இல்லை.

அன்றைக்கு ஞாயிறு. தொடை வாங்கினேன். சமையலறைக்குள் போனேன். சொன்னால் நம்ப மாட்டாய், என் வீட்டுச் சமையலறையில் கத்தி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தீப்பெட்டிக்கு அரை மணி நேரம் தேடினேன். டப்பா எல்லாம் ஒரே மாதிரி. ஒன்றில்கூடப் பெயர் எழுதவில்லை. இப்படியா வைப்பது. கிளப்பில் கண்ணைக் கட்டிவிட்டால்கூட ஜாதிக்காயை எடுப்பேன்.

பின்கதவு ஓரத்தில் ஒரு மணை. பக்கத்தில் ஒரு ஈயத்தட்டு, ஓரம் நசுங்கினது. நாய்த்தட்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மணையை ஒதுக்கி வைத்தேன்.

அவன் அடுப்பு இல்லை. ஆனால் கனமான இரும்புச் சட்டி ஒன்று இருந்தது. பின்பக்கம் மூன்று கல் வைத்து, சீகை மரக் கரி போட்டுத் தணல் எடுத்தேன். தொடையை அதன் கொழுப்பிலேயே சிவக்க விட்டேன். பூண்டு கிடையாது, குத்தி என்ன பிரயோஜனம். குத்தவில்லை. கேரட், உருளைக்கிழங்கு அடியில். வேலியில் ரோஸ்மேரிச் செடி இருக்கிறது, அதில் ஒரு கொத்து. மூடி போட்டு மூடி மேலேயும் தணல். மேலும் கீழும் சூடு. இரண்டு மணி நேரம் பக்கத்தை விட்டு நகரவில்லை.

வந்தது பார். கிளப் அவனில் வந்ததைவிட நன்றாக வந்தது. தோல் பழுப்பாக, மொறுமொறுப்பாக. கத்தி வைத்தால் இறங்குகிறது.

என்ன பார்க்கிறாய். நீ என்ன கேட்க வருகிறாய் என்று தெரியும். கேட்காதே. அவள் கேட்ட அன்றைக்குச் சட்டியில் செய்யலாம் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வா.

கால் மணி நேரம் விட்டேன். எலும்பை நீக்கி, மெல்லிசாக அரிந்து, தட்டில் அடுக்கி, பக்கத்தில் கேரட் வைத்து, நாய் முன்னால் வைத்தேன். வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கிளப்பில் தொரைக்கு முதல் வாய் போகிற வரைக்கும் அப்படித்தான் நிற்போம்.

எழுந்து வந்தது. மோந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாகத் தரையில் இறங்கியது, குளமாகத் தேங்கியது. பசிதான். பார்த்தாலே தெரிகிறது. ஆனால் வாய் வைக்கவில்லை. என்னைப் பார்த்தது. நான் ஒதுக்கி வைத்த மணையைப் பார்த்தது. தட்டுப் பக்கத்தில் மூக்கை வைத்துக்கொண்டு படுத்துவிட்டது.

"தின்னு" என்றேன். தின்னவில்லை. "தின்னு, நாயே" என்றேன். காதை ஆட்டியது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ரோஸ்ட் திரும்பி வந்தது தம்பி. என் ரோஸ்ட். ஒரு நாயிடமிருந்து. கரண்டியை வீசினேன். அது நகரக்கூட இல்லை. வீசினவனுக்குத்தான் தோள் பிடித்துக்கொண்டது.

அப்போது பரமேஸ்வரி வேலியைத் தாண்டி வந்தாள். மேட்டுப்பாளையத்தில் மகளுக்குப் பிரசவம் என்று அடக்கம் முடிந்த கையோடு போனவள், அன்றைக்குத்தான் திரும்பியிருந்தாள்.

"என்னண்ணா, வாசம் ரோடு வரைக்கும் வருது. அடுப்புப் பக்கம் நீங்களா நிக்கறீங்க." பிறகு நாயைப் பார்த்தாள். "ஐயோ, தொரை ஏன் இப்படி ஆயிட்டான்."

சொன்னேன். பதினொரு நாளாகத் தின்னவில்லை, இந்தா பார், இவ்வளவு செய்து வைத்தும் தின்னவில்லை, கொழுப்பு.

அவள் தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நீங்க நின்னா எப்படிண்ணா சாப்பிடும். மணையைப் போட்டு உக்காருங்க."

"உக்காந்து?"

"சாப்பிடுங்க."

"என்னது?"

"அக்கா சாப்பிட்டாத்தான் அது வாயை வைக்கும். அக்கா ஒரு வாய், அது ஒரு வாய். ஆறு வருஷமா அப்படித்தான். இந்தத் தட்டுல அக்கா, அந்தச் சட்டி மூடியில இவன். தினம் மூணு மணிக்கு."

"மூணு மணிக்கா. நான் ஒரு மணிக்குச் சாப்பிடறேன். அப்பவே சாப்பிட வேண்டியதுதானே."

"நீங்க எந்திரிச்சு இன்னும் கொஞ்சம் கேட்டா இல்லாமப் போயிடக்கூடாதுன்னு இருப்பாங்க. மூணு மணிக்கு மேல கேக்க மாட்டீங்க, காப்பிதான் கேப்பீங்கன்னு சொல்வாங்க."

நான் அப்படி எழுந்து கேட்டது வாழ்நாளில் இரண்டு தடவை இருக்கும். மூன்று இருக்கலாம். அதற்காக ஒருத்தி தினமும் காத்திருப்பாளா. இது என்ன பைத்தியக்காரத்தனம். சொல்லியிருக்கலாம் இல்லையா. வாய் இருந்தது இல்லையா. அதைச் சொன்னேன் பரமேஸ்வரியிடம். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சிரித்துக்கொண்டே இன்னொன்று சொன்னாள்.

"ரசஞ்சோறுதான் பிசைவாங்க. பிசைஞ்சு, 'தொரை, இன்னிக்கு ரோஸ்ட், பூண்டு குத்தி வெச்சது, மெதுவாத் தின்னு'ன்னு சொல்லி அதுக்கு ஒரு வாய் குடுப்பாங்க. அப்புறம் அவங்களும் ஒரு வாய் வாயில போட்டுக்கிட்டு, 'கால் மணி நேரம் விட்டிருக்காங்க, சாறு எறங்கல'ம்பாங்க. நான் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுடும்ணா."

ரசஞ்சோறு. ரசஞ்சோற்றை என் ரோஸ்ட் என்று சொல்லியிருக்கிறாள். நாயிடம். தெருவில் நாலு பேர் கேட்கிற மாதிரி. சமையல்காரனுக்கு இதைவிடக் கேவலம் வேறு உண்டா சொல்லு. அந்தப் பூண்டுச் சமாச்சாரம், கால் மணி நேரச் சமாச்சாரம் எல்லாம் நான் எப்போதோ கிளப் பெருமையாக அவளிடம் சொன்னது. ஒன்று விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறாள். புளி அளவு மட்டும் ஞாபகம் இருக்காது.

பரமேஸ்வரி போய்விட்டாள். முப்பதாம் நாளுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. நாய் படுத்திருந்தது. விலா எலும்பை எண்ணலாம்.

மணையை எடுத்துப் போட்டேன். உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் சடசடவென்றது. தரையில் உட்கார்ந்து நாற்பது வருஷம் ஆகியிருக்கும். நசுங்கின தட்டில் நாலு துண்டு வைத்துக்கொண்டேன், அதற்குச் சட்டி மூடியில். அது எழுந்து உட்கார்ந்தது. என் கையையே பார்க்கிறது. மூச்சு என் முகத்தில் அடிக்கிறது. பதினொரு நாள் பட்டினி வாய். அந்த நாற்றத்தை நான் உனக்குச் சொல்ல மாட்டேன், நீ இன்னும் சாப்பிடப் போகிறவன்.

ஒரு துண்டை வாயில் போட்டேன்.

உப்பில்லாத ஆட்டுக்கறி தின்றிருக்கிறாயா. தின்னாதே. கவுச்சி. துணியை மெல்லுகிற மாதிரி. பார்க்கத்தான் அப்படி இருந்தது, வாயில் ஒன்றுமே இல்லை. துப்பலாம் என்று பார்த்தேன். அது பார்த்துக்கொண்டிருந்தது. விழுங்கினேன்.

நான் விழுங்கினதும் அது ஒரு துண்டு எடுத்தது. ஒன்றே ஒன்று. மென்றது. நிறுத்தியது. என்னைப் பார்த்தது. என் முறையாம்.

இப்படி ஒரு வாய் எனக்கு, ஒரு வாய் அதற்கு. முழுத் தட்டும். நடுவில் என் முழங்காலில் எச்சில் வடித்தது. நான் ஏமாற்றப் பார்த்தேன், கையை மட்டும் வாய்க்குக் கொண்டுபோய்க் கீழே இறக்கினேன். கண்டுபிடித்துவிட்டது. தின்னாமல் உட்கார்ந்துவிட்டது. மறுபடி நான் தின்றேன். அதற்கப்புறம் மூடியில் இருந்த சாற்றை நக்கி, என் தட்டையும் நக்கி, ஓரமாக இருந்த என் விரலையும் ஒரு நக்கு. எழுந்து போய் வாந்தி எடுத்தேன். நிஜமாகத்தான். வேலியோரம்.

மறுநாளும் அப்படித்தான். ஒரு மணிக்கு வைத்தால் தின்னாது. மூன்று மணிக்குத்தான். அதற்கு எப்படி மணி தெரிகிறதோ. என் பங்கில் மட்டும் உப்புப் போட்டுப் பார்த்தேன். அதன் தட்டை விட்டுவிட்டு என் தட்டுதான் வேண்டும் என்று நின்றது. உப்பு கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே. அதனால் எனக்கும் உப்பில்லை.

பழகிவிட்டதா என்கிறாயா. இல்லை. ஒவ்வொரு வாரமும் அதே அருவருப்பு. வார நாளில் சோறும் வேகவைத்த கறியும். ஞாயிறு ரோஸ்ட். ஏன் ஞாயிறு ரோஸ்ட் என்றால், ஞாயிறு ரோஸ்ட்தான். கிளப்பில் அதுதான் ஒழுங்கு.

முப்பதாம் நாள் ஜெசிந்தா வந்தாள். நாய் குதித்துப்போய் அவள் சேலையெல்லாம் எச்சிலாக்கியது. பூசை முடிந்து வந்து அவள் கொஞ்சம் கண்ணயர்ந்தாள். மூன்று மணிக்கு நான் என் வேலையைப் பார்த்தேன். மணையில் உட்கார்ந்து நாலாவது வாயோ ஐந்தாவது வாயோ போய்க்கொண்டிருக்கும்போது நிமிர்ந்து பார்க்கிறேன், வாசற்படியில் நிற்கிறாள். எவ்வளவு நேரமாகவோ.

"ரோஸ்டாப்பா" என்றாள்.

"ஆமா. உனக்கு வேணும்னா உப்புப் போட்டுத் தனியாச் செய்யறேன்."

"அம்மாவுக்கு ரோஸ்ட் பிடிக்குமாப்பா" என்று கேட்டாள்.

"எனக்கெப்படித் தெரியும். அவ சாப்பிட்டதே இல்லையே."

"அதைத்தான் கேட்டேன்" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

இது என்ன கேள்வி, இது என்ன பதில். எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. இல்லை, புரியாமல் இல்லை. விடு.

அன்றைக்கு ராத்திரியே கிளம்புவதாக இருந்தவள் மறுநாள் போனாள். இப்போது மாதம் ஒரு தடவை வருகிறாள். என்னைப் பார்க்க இல்லை. "தொரையைப் பார்க்க வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வருகிறாள். வரட்டும். போன மாதம் வருவதற்கு முன்னால் போனில், "நீங்க சாப்பிட்டீங்களா" என்று தெரியாமல் கேட்டுவிட்டாள். மூணு மணிக்குத்தான் என்றேன்.

அதோ தேயிலை ஃபேக்டரி தெரிகிறது. அடுத்தது என் ஸ்டாப்.

ஒன்று மட்டும் சொல்லிவிட்டு இறங்குகிறேன். அந்த மணை இருக்கிறதே, பின்கதவு ஓரம். நான் முதலில் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பித்தான் போட்டேன். நாய் அதை மூக்கால் தள்ளித் தள்ளிப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தது. சரி, எங்கே உட்கார்ந்தால் என்ன என்று உட்கார்ந்தேன். அந்த இடத்திலிருந்து பார்த்தால் நேரே என் கட்டில் தெரிகிறது. கால்மாடு மட்டும். முகம் தெரியாது. படுத்திருக்கிறவன் காலை அசைத்தால் தெரியும்.

அங்கே உட்கார்ந்துதான் இப்போது தினமும் தின்கிறேன். காலியான கட்டிலைப் பார்த்துக்கொண்டு.

மணி என்ன. பன்னிரண்டே காலா. தணல் போட்டு, வெந்து, கால் மணி நேரம் விட்டு, சரியாக மூன்று ஆகும். ஆனால் என் வயிறு பழைய வயிறு. ஒரு மணி அடித்தால் கேட்க ஆரம்பித்துவிடும். இடையில் எதையாவது தின்றுவிட்டால் மூன்று மணிக்கு அதோடு உட்கார்ந்து தின்ன முடியாது. அதனால் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு மணி நேரம். வாசனை வந்துகொண்டே இருக்கும். தின்னக் கூடாது.

இரண்டு மணி நேரம் என்பது ரொம்ப நீளம் தம்பி. பதினான்கு வருஷம் எனக்குத் தெரியாது.

சரி, பையை எடுத்துக் கொடு. அடியில் கை வைத்துப் பிடி. கசிகிறது.